நின்றுவிட்டதா என்று டொக்டர் கேட்டபோது

தம்பி,

அன்று நான் டொக்டரிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம்தான். அன்றைக்குப் பதினொரு நாட்களுக்கு முன்னர் எனக்கு இரத்தம் பட்டது. இரண்டு நாள் இருந்து நின்றுவிட்டது. இதை நான் சொல்லவில்லை. நீ எனக்குப் பக்கத்துக் கதிரையில், என் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். உன்னைவிட ஏழெட்டு வயது கூடிய அந்தப் பெண் டொக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "அம்மா, போனமுறை வந்து போனதுக்குப் பிறகு ஏதும் பட்டதோ? ஒரு துளி எண்டாலும் சொல்லுங்கோ." நான், "இல்லை டொக்டர், எல்லாம் நிண்டிட்டுது" என்றேன். அவர் அதை எழுதினார். நீ கழுத்தைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே ஓட்டோக்காரர் ஒருவர் கண்ணாடி துடைப்பதை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன கிழமை நீ போனில் கேட்டாய்: "ஏனம்மா கலியாணத் திகதியை மாத்தினனீங்கள்? ஹோல்காரன் என்னைத் தின்னுறான்." பிறகு சொல்லுறன் என்று வைத்துவிட்டேன். இதுதான் அந்தப் பிறகு. போனில் இப்படியான கதை எனக்கு வராது. எழுதினால் வரும், நூலகத்தில் இத்தனை வருடம் மற்றவர்களின் எழுத்துக்கு அட்டை போட்டுக்கொண்டு இருந்ததில் அந்த ஒரு பழக்கம் ஒட்டியிருக்கிறது. உன் பெயரும் என் பெயரும் இல்லாமல் இதை மற்றவர்களும் வாசிக்க விடப்போகிறேன். எதையும் வெளியில் சொல்லாத அம்மா இதை ஏன் செய்கிறா என்று நீ யோசிப்பாய். கிளினிக் வாங்குப் பலகையில் என்னோடு கொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாகக் காத்திருந்த பெண்களில் எத்தனை பேர் அந்த அறைக்குள் போய் இதே "இல்லை"யைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான்.

உனக்குத் தெரிந்த பகுதியை முதலில் சொல்கிறேன். நாற்பது வயதில் எனக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நீ கிளிநொச்சியில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தாய். அப்பா வாசல்வரை வருவார், உள்ளே வரமாட்டார். தண்ணீர்ப் பம்ப் எதுவென்றாலும் கழற்றிப் பூட்டத் தெரிந்த மனிதருக்கு ஆஸ்பத்திரி மணம் ஒத்துவராது. நீதான் மருந்தின் பெயர்களை எழுதினாய், எந்தக் கிழமை எது என்று சுவரில் ஒட்டினாய். இவ்வளவும் உனக்குத் தெரியும்.

தெரியாத பகுதி இது. மூன்றாவது முறை மருந்து ஏற்றியபின் எனக்கு மாதவிடாய் நின்றுபோனது. என்னுடைய கட்டி, பெண்ணின் உடம்பில் முட்டை உண்டாக்கும் சூலகம் சுரக்கிற சுரப்பை வைத்துக்கொண்டு வளர்கிற வகை. அது திரும்ப வராமல் இருக்கத்தான் வருடக்கணக்காகக் குளிசை. முதலில் தந்த குளிசை மாதவிடாய் வந்தாலும் வராவிட்டாலும் குடிக்கக்கூடியது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது காலில் இரத்தம் கட்டி, கால் வீங்கியது உனக்கு நினைவிருக்கும். அதன்பிறகு அதைத் தொடர முடியாது என்றார்கள். மாற்றுக் குளிசை ஒன்று இருந்தது. அது சூலகம் ஓய்ந்துவிட்ட பெண்களுக்கு மட்டும். சூலகம் வேலை செய்துகொண்டிருந்தால் அந்தக் குளிசையால் பலன் இல்லை; சிலவேளை அதுவே சூலகத்தைத் தூண்டியும் விடும். ஆகவே, ஓய்ந்துவிட்டதா இல்லையா என்பதில்தான் என் வைத்தியம் முழுவதும் நின்றது.

டொக்டர் அதை எனக்கு வடிவாக விளங்கப்படுத்தினார். "மருந்தால நிண்டதும் வயசுக்கு நிண்டதும் ஒண்டில்லை அம்மா. உங்களுக்கு நாப்பத்திரண்டுதான். இப்ப இரத்தத்தில பாத்தது குறைவாத்தான் இருக்கு. ஆனா ஒருக்காப் பாத்திட்டு நம்பேலாது, ஒரு வருசம், ரெண்டு வருசம் கழிச்சும் திரும்பி வரலாம். மாசாமாசம் வயித்தில போடுற ஊசி ஒண்டு இருக்கு. அது சூலகத்தை எழும்ப விடாது. அதையும் சேத்துப் போடுவமோ?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். "எனக்கு ஒரு வருசத்துக்கு மேலா ஒண்டுமில்லை டொக்டர். முடிஞ்சுது." அவர் கொப்பியைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம், ஒரு துளி பட்டாலும் உடனே வரவேண்டும், அப்படியென்றால் மட்டும் குளிசையைத் தனியாகத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த மூன்றாவது மாதத்துக் கிளினிக்குக்குத்தான் நீயும் நானும் போனோம். இரத்தத்தை வெளியில் தனியார் லாப்பில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றும் படவில்லையென்றால் அதை அடுத்த முறைக்கு விடலாம், பட்டிருந்தால் இன்றைக்கே எடுக்கவேண்டும் என்றார். நான் இல்லையென்றேன். அடுத்த முறைக்கு விட்டார்.

நான் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. நூலகத்துக்கு வரும் சுகாதாரச் சஞ்சிகைகளிலும், நீ வாங்கித் தந்த போனிலும் இதைப்பற்றி டொக்டர் சொன்னதைவிடக் கூடவே வாசித்திருந்தேன். என்ன நடக்கலாம் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். பிறகு இரண்டு மாதமாக எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்: மகன் பக்கத்தில் இருந்தான், வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நல்ல காரணம். ஆனால் டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் உன்னைப் பார்த்து, "தம்பி, ஒரு ரெண்டு நிமிசம் வெளியில நிக்கிறீங்களோ?" என்று கேட்டார். நீ எழும்பியும் விட்டாய். "பரவாயில்லை டொக்டர், அவன் இருக்கட்டும்" என்று சொன்னது நான். நீ வெளியே போயிருந்தால் எனக்குச் சாட்டு இல்லாமல் போயிருக்கும். உன்னை அந்தக் கதிரையில் பிடித்து இருத்தியதற்காக முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உண்மையான காரணம் கோயில். எங்கள் அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கு அரிசி புடைத்துக் கொழித்துக் கொடுக்கிற பெண்களை உனக்குத் தெரியும். மாதவிடாய் நின்றவர்கள் மட்டும்தான் அந்த மடப்பள்ளிக்குள் போகலாம். துடக்கு, தீட்டு என்ற பேச்சே அங்கே வரக்கூடாது என்பதற்காக எப்போதோ வைத்த வழக்கம். எல்லோரும் அறுபது, எழுபது. மருந்து ஏற்றி முடிந்து, மயிர் குட்டையாக முளைத்திருந்த நாட்களில் நான் வெளி மதிலோடு நின்று கும்பிட்டுவிட்டு வருவேன். ஒரு வெள்ளி, அவர்களில் மூத்த பரமேசு அக்கா அரிசி புடைக்கிற சுளகோடு வெளியே வந்தா. "ஏன் மதிலோட நிக்கிறாய்? உனக்கு எல்லாம் முடிஞ்சுதோ இல்லையோ?" என்று பத்துப் பேர் கேட்கக் கேட்டா. முடிஞ்சுதக்கா என்றேன். "அப்ப உள்ள வா. எடியே, எங்கட சங்கத்துக்கு ஒரு குமரி வந்திருக்கு, இனியாவது கல்லுப் பொறுக்கக் கண் தெரியிற ஒருத்தி!" உள்ளே ஒரே சிரிப்பு. "குமரிக்கு முதல் தண்ணி அள்ளுற வேலை குடுங்கோ", "இல்லை, அவளுக்குப் பாட்டுப் படிக்கிற வேலை, எங்கட குரலைக் கேட்டு அம்மன் எழும்பிப் போகப் பாக்கிறா" என்று ஆளுக்கு ஆள்.

அந்த ஒன்றரை வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சத்தமாகச் சிரித்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். அங்கே என் நெஞ்சின் ஒரு பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. என் சுளகில் எவ்வளவு கல் தப்பியிருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். இந்த நோய் என்னிடமிருந்து எடுத்தவற்றுக்குப் பதிலாகத் தந்த ஒரே இடம் அது என்று நினைத்தேன். ஊசியை வேண்டாமென்றதும் அதனால்தான். ஊசி போட்டால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை இரத்தம் பட்டது. புதன் இருந்தது. வெள்ளி குளித்து முழுகி, வழக்கம்போலப் போய் அரிசி கொழித்தேன். என் சுளகில் கல் தப்பிக்கொண்டே இருந்தது. பரமேசு அக்கா, "என்னடி, குமரிக்கும் கண் மங்கிப்போச்சோ?" என்றா. எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். அங்கே சிரித்துவிட்டு டொக்டரிடம் போய் வேறு கதை சொல்ல எனக்கு முடியவில்லை. ஒரு இடத்தில் சொன்னதை எல்லா இடத்திலும் சொல்லவேண்டி வந்தது.

இந்த விஷயத்தில் நான் பொய் சொன்னது அதுதான் முதல்தடவையும் இல்லை. உனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் முகாமில் இருந்தோம். கூடாரத்துக்குள் நான் பாவாடை மாற்றும்போது நீ ஓடி வந்துவிட்டாய். "அம்மா, இரத்தம்!" என்று கத்தினாய். ஷெல்லையும் காயத்தையும் கண்டு வந்த பிள்ளை. உன் முகம் வெளுத்துப்போய்விட்டது. நான் அவசரத்தில், காலில தகரம் வெட்டிப்போட்டுது அப்பன், ஒண்டுமில்லை என்றேன். நீ உன் சேர்ட்டின் கையைக் கிழித்து எடுத்து வந்து, என் நல்ல காலில் கட்டுப் போட்டாய். இரண்டு முடிச்சு. நான் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். அத்தோடு விட்டாயா? தண்ணீர் வரிசையில் போய், "அம்மாவுக்குக் காலில பெரிய வெட்டு" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாய். இரண்டு நாள் நான் நொண்டி நடக்க வேண்டியிருந்தது. சனங்கள் பாவப்பட்டு என்னை வரிசைக்கு முன்னால் விட்டார்கள். அப்பா இரவில் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைக்கும்போது, அந்தக் கட்டை நான் அவிழ்த்து, இது காயமில்லை, பெண்களுக்கு மாதம் மாதம் வருவது என்று இரண்டு வசனம் சொல்லியிருக்கலாம். எட்டு வயதுக்கு அது விளங்கும். நான் சொல்லாததால்தான் இருபத்துமூன்று வயதிலும் நீ ஜன்னலால் ஓட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னில் பிழை இல்லை.

இனித் திகதிக்கு வருகிறேன். கிளினிக் போய் வந்து ஆறேழு கிழமை இருக்கும். எனக்குத் திரும்பவும் இரத்தம் பட்டது, இந்த முறை நான்கு நாள். அது நின்று இரண்டு நாள் கழித்துப் பளையிலிருந்து உன் வருங்கால மாமி, நிரோஜாவின் அம்மா போன் எடுத்தா. "சம்பந்தி, ஒரு சின்ன விசயம். நீங்கள் வைச்ச நாள் பிள்ளைக்குச் சரிவராது, எண்ணிப் பாத்தன், மூண்டாம் நாளாத்தான் வரும். யோசிக்காதேங்கோ, தள்ளிப்போடுற குளிசை பாமசியில வாங்கி வைச்சிட்டன்." பின்னால் நிரோஜாவின் குரல் கேட்டது. "அம்மா, போனமுறை தேருக்கு அதைக் குடிச்சு ரெண்டு கிழமை தலை சுத்தித் திரிஞ்சனான். வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே?" "நீ சும்மா இரு, பெரியாக்கள் கதைக்கேக்க." "என்ர கலியாணம்தானே அம்மா." "அதுக்குத்தான் சொல்லுறன், வாயை மூடு எண்டு."

நான் போனை நிரோஜாவிடம் கொடுக்கச் சொன்னேன். "பிள்ளை, உனக்கு எந்தக் கிழமை சரி?" என்று கேட்டேன். தாய்க்குக் கேட்காமல், மிக மெதுவாக, "அதுக்கு அடுத்த கிழமை எண்டால் சரி மாமி" என்றாள். அவ்வளவுதான். சாத்திரியாரிடம் போனேன், அந்தக் கிழமையிலும் ஒரு புதன்கிழமை நல்லது என்றார், மாற்றினேன். ஹோல்காரனின் ஏச்சு உனக்கு வந்தது. அந்தக் குளிசை நஞ்சில்லை. வேண்டுமென்று நினைக்கிற பெண் டொக்டரைக் கேட்டுவிட்டு எடுக்கட்டும். அவள் வேண்டாமென்றாள். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையின் உடம்புக்காக நான் இரண்டு நிமிடத்தில் கதைத்துவிட்டேன். என்னுடைய உடம்புக்காக இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை. அவளுக்கு வரவிருந்தது தலைச்சுற்று. எனக்குப் போகக்கூடியது உயிர்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாகப் போனேன். என் கிளினிக் நாள் இல்லையென்பதால் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் பட்ட திகதிகளைச் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "முதல் திகதி போன கிளினிக்குக்கு முதல் எல்லோ?"

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"மகன் இருந்தவன்."

"நான் அவரை வெளியில நிக்கச் சொன்னனான்."

"ஓம் டொக்டர்."

அவர் பேனையை வைத்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "அம்மா, நீங்கள் படிச்ச ஆள். உங்களுக்கே சொல்லக் கஷ்டமெண்டால் மற்ற ஆக்கள் என்ன செய்வினம்?" என்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே என்னிடம் விடை கேட்பதுபோல. பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்தக் கடிதத்தை மனதில் எழுதத் தொடங்கினேன்.

அப்பாவிடம் அன்று பின்னேரமே சொன்னேன். இத்தனை வருடத்தில் அவருக்கு என் திகதி ஒருமுறையும் தெரிந்ததில்லை. வயலுக்கு எப்போது பசளை போட்டது என்று கேட்டால் போன போகத்துத் திகதியையும் சொல்லுவார். அவரைக் குறை சொல்லவில்லை. நான் சொன்னதில்லை, அவர் கேட்டதில்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு, "இனி என்னட்டச் சொல்லு, நான் எழுதி வைக்கிறன்" என்றார். பரமேசு அக்காவிடமும் அந்த வெள்ளியே போய்ச் சொன்னேன். அவா சிரிக்கவில்லை. "இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டோ இருந்தனி? சரி, இனி உள்ள வராதை. வெளியில இருந்து தேங்காய் உரி" என்றா. எனக்கு நொந்தது. இப்போது வெளியில் இருந்து தேங்காய் உரிக்கிறேன். அவாவைத் திருத்த எனக்குப் பலமில்லை. அந்த வழக்கம் சரியென்றும் நான் நினைக்கவில்லை. அந்த மடப்பள்ளிக்குள் இருப்பதற்கு நான் கொடுக்கப்பார்த்த விலை கூடிப்போனது, அவ்வளவுதான்.

நீ நிரோஜாவோடு வாழப்போகிறாய். ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வரும்போது அந்த இடத்தை விட்டு எழும்பிப் போகவேண்டுமா, இருக்கவேண்டுமா என்பதை அவளிடம் கேள். அவள் இருக்கச் சொன்னால், ஜன்னலைப் பார்க்காமல் இரு. அவளுடைய திகதி உனக்குத் தெரிந்திருக்கட்டும். கடையில் அவளுக்குத் தேவையானதை வாங்கும்போது பேப்பரில் சுற்றச் சொல்லாதே. கோயிலுக்கோ கொண்டாட்டத்துக்கோ அவள் வரமுடியாது என்றால், காரணம் கேட்கும் சனத்துக்கு ஒரு பொய்யை நீ கண்டுபிடித்துக் கொடுக்காதே. உங்களுக்குப் பெண்பிள்ளை பிறந்தாலும் ஆண்பிள்ளை பிறந்தாலும் எட்டு வயதில் அந்த இரண்டு வசனத்தையும் சொல்லிவிடுங்கள். இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அன்றே இரத்தம் எடுத்து வெளியில் கொடுத்தேன். ஆறாம் நாள் முடிவு வந்தது. என் சூலகம் ஓயவில்லை. அளவு மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு உரிய அளவு. ஐந்து மாதம் குடித்த குளிசை எனக்கு வேலை செய்திருக்காது என்று டொக்டர் சொன்னார். அதை நிறுத்தினார். மாத ஊசி தொடங்கியிருக்கிறார்கள். போன வியாழக்கிழமை முதலாவதைத் தொப்புளுக்குக் கீழே போட்டார்கள். அளவு இறங்கியிருக்கிறது என்று இரத்தத்தில் பார்த்த பிறகுதான் குளிசை. ஸ்கானும் எடுத்தார்கள். நெஞ்சிலும் ஈரலிலும் ஒன்றும் இல்லை. இடுப்பெலும்பில் ஒரு இடத்தைத் திரும்பவும் பார்க்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குத் தந்த நாள் உன் கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள்.

அம்மா